புதர்க்காட்டு மானுக்கு எந்த கேலிபர்? நண்பனுக்குக் கடிதம்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பென்சில்வேனியா மலைப்பக்கம் குடிபோன கையோடு ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்துவிட்டாயே, நல்ல வேலை செய்தாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் .45-70 (இந்த எண்களெல்லாம் தோட்டா ரகத்தின் பெயர்கள், அதைத்தான் கேலிபர் என்று சொல்கிறோம்) வாங்கு, புதரை அறுத்துக்கொண்டு போகும் என்கிறார். இன்னொருவர் தன் பழைய .30-30 வின்செஸ்டர் 94 லீவர் ரைபிளை (விசைக்கடியில் உள்ள பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம்) உனக்கே தருகிறேன் என்கிறார். உன் அலமாரியில் ஏற்கெனவே ஒரு .308 போல்ட் ரைபிள் (பக்கத்துப் பிடியைத் தூக்கி இழுத்து ஏற்றும் ரகம்) நிற்கிறது. புதர்க்காட்டில் மான் வேட்டைக்கு இந்த மூன்றில் எது என்கிறாய்.

புதரை அறுக்கும் குண்டு என்ற பேச்சை முதலில் ஒழித்துக்கட்டுவோம். அப்படி ஒன்று கிடையாது. சுழன்றுகொண்டே போவதால்தான் குண்டு நேராகப் போகிறது. அதன் மூக்கின் ஓரத்தில் விரல் தடிமன் சுள்ளி ஒன்று உரசினாலே போதும், தலையாட்ட ஆரம்பித்துவிடும். அதன்பிறகு எந்தப் பக்கம் விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கனமான, மழுங்கிய மூக்குள்ள, மெதுவான குண்டு குறைவாக விலகும் என்பது பழைய நம்பிக்கை. குச்சிகளை வரிசையாக நட்டு, பின்னால் காகிதம் கட்டிச் சுட்டுப் பார்த்தவர்கள் பலர். எல்லாக் குண்டும் விலகியது. 12 கேஜ் ஷாட்கனின் ஸ்லக் என்ற ஒற்றைப் பெருங்குண்டும் விலகியது. எடை கூடினால் கொஞ்சம் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும், அதை நம்பிச் சுடும் அளவுக்கு இல்லை.

கேலிபரை விடப் பெரிய விஷயம், சுள்ளி எங்கே இருக்கிறது என்பது. கணக்குப் போட்டுப் பார். குண்டு சுள்ளியில் பட்டு இரண்டு டிகிரி திரும்பியது என்று வை. சுள்ளிக்கு ஒரு மீட்டர் பின்னால் மான் நின்றால் விலகல் மூன்றரை சென்டிமீட்டர்தான். பத்து மீட்டர் பின்னால் நின்றால் 35 சென்டிமீட்டர், இருபதில் 70. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் வட்டம். ஆக, மானை ஒட்டிய தழை பெரிய தொல்லை இல்லை. உன் பக்கம் இருக்கும் சுள்ளிதான் நுரையீரலுக்குப் போக வேண்டியதை வயிற்றுக்குக் கொண்டுபோகும். போதாக்குறைக்கு, தலையாட்டிய குண்டு பக்கவாட்டில் போய் விழுந்தால் சரியாக விரிந்து மலராது, ஆழமாகவும் இறங்காது.

ஸ்கோப் வைத்தவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்த ரைபிளில், ஐந்து கஜத்தில் குண்டு உன் பார்வைக்கோட்டுக்குக் கிட்டத்தட்ட அதே ஒன்றரை அங்குலம் கீழே போய்க்கொண்டிருக்கும். ஸ்கோப்பில் பார்த்தால் மானின் தோள் பளிச்சென்று தெரியும், வழியில் ஒன்றுமே இருக்காது. கீழே ஐந்தாவது கஜத்தில் லாரல் என்ற புதர்ச்செடியின் கிளை ஒன்று குறுக்கே கிடக்கும். பெரிதாக்கும் ஸ்கோப் தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும், கிட்டத்துக் குச்சியைக் கரைத்துவிடும். விசையில் விரல் வைக்குமுன் ஒரு தடவை ஸ்கோப்புக்கு மேலாக வெறுங்கண்ணால் குழல் போகும் வழியைப் பார்த்துவிட வேண்டும். வழி அடைத்திருந்தால் பொறு. மான் இரண்டடி நடந்தால் வேறொரு சந்து திறக்கும். எழுந்து நிற்பதோ முழங்காலில் இறங்குவதோ கூட வழியைத் திறந்துவிடும். சந்து இரண்டு உள்ளங்கை அகலமாவது இருக்கட்டும். அசைவையோ சத்தத்தையோ பார்த்துச் சுடும் பேச்சே கூடாது. முழு மானும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அப்படியானால் கேலிபர் எதற்கு என்று கேட்பாய். அதற்கு வேறு வேலை இருக்கிறது. புதரில் 20 முதல் 80 கஜத்துக்குள்தான் சுடப் போகிறாய். நுரையீரலில் சரியாகப் பட்ட மானும் ஐம்பது, நூறு கஜம் ஓடும். திறந்த வயலில் அது கண்ணெதிரே விழும். ரோடோடென்ட்ரான் புதரில் பத்தே கஜத்தில் மறைந்துவிடும். அதனால் குண்டு உள்ளே போய் மறுபக்கம் வெளியேற வேண்டும், இரண்டு ஓட்டையிலும் ரத்தம் வர வேண்டும். மரத்தின் மேல் ஸ்டாண்டில் இருந்து சுட்டால் இது இன்னும் முக்கியம். மேலே நுழைந்து வெளியேறாமல் நின்றுவிட்ட குண்டு, ரத்தத்தையெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேக்கிவிடும். தரையில் ஒரு துளி பார்க்க மாட்டாய். ஊடுருவி வெளியே வருவது, கிட்டத்தில் உடைந்து சிதறாமல் இருப்பது, உதை (சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது) தாங்கி இரண்டாவது தோட்டாவைச் சட்டென்று சுட முடிவது. நான் பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

இந்த அளவுகோலில் .30-30-ஐ அடித்துக்கொள்ள எனக்கு ஆள் தெரியவில்லை. 1895-இல் வந்த தோட்டா. 170 கிரெயின் குண்டு, அதாவது 11 கிராம், விநாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் கிளம்பும். 150 கிரெயின் சுமார் 2,390 அடி. இன்றைய கணக்கில் மெதுவான வேகம்தான். கிட்டத்தில் அதுவே லாபம்: மென்முனைக் குண்டு சிதறாமல் காளான் போல மலர்ந்து மறுபக்கம் போகும், இறைச்சியும் அதிகம் கெடாது. நான் 170-ஐத்தான் எடுப்பேன். உதை, அதே எடையுள்ள .308-ஐ விட நன்றாகவே குறைவு. 100 கஜத்துக்குக் குறி வைத்தால் 200-இல் எட்டு அங்குலத்துக்கு மேல் தாழும். உனக்கு அந்தத் தூரம் வரப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. லீவர் துப்பாக்கியின் குழாய் மேகஸினில், அதாவது தோட்டா வைக்கும் குழாயில், தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும், குத்தினால் தீப்பற்றும் பொட்டு) முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டைப் போட்டால் உதையில் அது பிரைமரைக் குத்தி மேகஸினுக்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை மூக்கு அல்லது உருண்டை மூக்கு மட்டுமே போட வேண்டும். கூர்முனை வேண்டுமானால் ஹோர்னடியின் ரப்பர் போன்ற மென்முனை வைத்த லெவரெவல்யூஷன் தோட்டா இருக்கிறது, அது இதற்கென்றே செய்தது.

.35 ரெமிங்டனை நீ கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லுவார்கள். 1906-இல் வந்தது. 200 கிரெயின், 2,080 அடி. புதருக்கு அருமையான தோட்டா. .30-30-ஐ விட ஓட்டை சற்றுப் பெரிது. தோட்டா கடைகளில் எளிதில் கிடைக்காது என்பது ஒன்றே குறை, அந்த ஒரு குறையே எனக்குப் போதும்.

.45-70 அமெரிக்க ராணுவம் 1873-இல் எடுத்துக்கொண்ட தோட்டா. மானுக்குத் தேவைக்கு மேல். 300 கிரெயின் சாதாரணத் தோட்டாவே .30-30-ஐப் போல இரண்டு மடங்கு உதைக்கும். உதைக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுப்பவனுக்கு எந்தக் கேலிபரும் உதவாது. 405 கிரெயின் பழைய பாணித் தோட்டா 1,330 அடிதான் போகும். 100 கஜத்துக்குக் குறி வைத்தால் 200-இல் இரண்டடி தாழ்ந்துவிடும். இன்னொரு சிக்கல், இதே பெயரில், வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தம் வேறுபடும் மூன்று நிலைகளில் தோட்டா உண்டு. மார்லின் 1895, ரூகர் நம்பர் 1 போன்றவற்றுக்கான வலுவான தோட்டாவைப் ஸ்பிரிங்ஃபீல்ட் டிராப்டோர் என்ற பழைய ராணுவ ரைபிளில் போட்டால் துப்பாக்கியே பிளந்துவிடலாம். கரடி, மூஸ் எல்லாம் உன் திட்டத்தில் இருந்தால் வாங்கு. புதரை அறுக்கும் என்பதற்காக வாங்காதே.

உன் .308-க்குக் கேலிபரில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் தோட்டாவிலும் நீளத்திலும்தான். 150 கிரெயின் குண்டு 2,820 அடியில் கிளம்புகிறது. ஈயத்தின் மேல் மெல்லிய உறை போட்ட ரகம் என்றால் இருபது கஜத்தில் தோள் எலும்பில் பட்டு உடைந்துபோகும். மேலே பெரிய பள்ளம் விழும், உள்ளே ஆழம் போகாது, முன்னங்கால் இறைச்சி முழுக்க ரத்தம் கட்டிவிடும். 165 அல்லது 180 கிரெயினில், உறையும் ஈயமும் பிணைந்த பாண்டட் ரகமோ முழுச் செம்பு ரகமோ வாங்கு. எலும்புக்குக் குறி வைக்காமல் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வை. பையனுக்கு ஒரு ரைபிள் பிறகு வாங்குவதாக இருந்தால் 7 எம்எம்-08 ரெமிங்டனைப் பார், 140 கிரெயின், உதை குறைவு. .243-உம் மானை வீழ்த்தும். ஆனால் 100 கிரெயின் குண்டு சில சமயம் வெளியேறாது. புதரில் அது தேடலாக முடியும்.

நீளத்தைச் சொன்னேனே. 94-இன் குழல் 20 அங்குலம், மொத்த நீளம் 38 சொச்சம், எடை ஆறரை பவுண்டு அளவில். 22 அங்குலக் குழலுள்ள போல்ட் ரைபிள் 42 அங்குலம் வரும். நாலு அங்குலம் என்ன பெரிதென்று தோன்றும். லாரல் புதருக்குள் குனிந்து நுழையும்போது ஒவ்வொரு கிளையும் அந்த நாலு அங்குலத்தைத்தான் பிடித்து இழுக்கும். .308-இலேயே 18 அங்குலக் குழல் ரகம் கிடைக்கிறது. அங்குலத்துக்கு 25 அடி வேகம் குறைந்தாலும் புதர்த் தூரத்தில் மானுக்கு வித்தியாசம் தெரியாது, உன் காதுக்குத்தான் தெரியும். செமி ஆட்டோமேட்டிக் பக்கம் போகாதே, பென்சில்வேனியாவில் மானுக்கு அது கூடாது. லீவர், போல்ட், பம்ப் (முன்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றுவது) மூன்றும் சரி. ஃப்ளோரசென்ட் ஆரஞ்சு 250 சதுர அங்குலம், தலையிலும் மார்பிலும் முதுகிலுமாகச் சுற்றிலும் தெரியும்படி இருக்க வேண்டும். இந்த ஆண்டு விதிப்புத்தகத்தையும் ஒரு முறை புரட்டிவிடு.

இப்போது .308 மேல் இருக்கும் 3-9 ஸ்கோப்பை (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்குவது) கழற்ற வேண்டாம், ஆனால் புதருக்குள் 3-லேயே வைத்திரு. 9-இல் வைத்தால் 25 கஜத்தில் தெரிவது மூன்றடி அகலம்தான், ஸ்கோப் முழுக்க முடியாகத்தான் தெரியும், மானின் எந்தப் பகுதி என்று தேடிக்கொண்டிருப்பாய். 3-இல் எட்டடி தெரியும். புதிதாக வாங்குவதானால் 1-4 அல்லது 1-6 ஸ்கோப். 94-க்கு என்றால் பீப் சைட்டே (பெரிய துளை வழியாகப் பார்த்துக் குறிவைப்பது) போதும். மங்கல் வெளிச்சத்தில் மட்டும் ஸ்கோப்பே நல்லது.

குறி சரிபார்க்க 25 கஜத்தில் தொடங்கு. ஸ்கோப் வைத்த .30-30-ஐ அங்கே நடுவில் கொண்டுவந்தால் 100 கஜத்தில் ஓர் அங்குலம் போல மேலே அடிக்கும். மானுக்கு அது போதுமென்றாலும் 100-இல் சுட்டு உறுதிசெய். மூன்று ரகத் தோட்டா வாங்கி, ஒவ்வொன்றிலும் மும்மூன்று சுட்டு, குழல் ஆறவிட்டுத் திரும்பப் பார். நெருங்கி விழும் ரகத்தில், பெட்டியில் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் உள்ளதாக இரண்டு பெட்டி எடுத்து வை. லீவரை ஆரம்பத்தில் எல்லாரும் பாதியில் நிறுத்துவார்கள். முழுசாகத் தள்ளி முழுசாக இழுக்காவிட்டால் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறாமல் புதுத் தோட்டாவோடு சிக்கும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலேயே லீவரை இயக்கப் பழகு.

சுட்ட பிறகு இடத்தை விட்டு அசையாதே. மான் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தை அடையாளம் வை, நீ நின்ற இடத்தில் ஒரு ரிப்பன் கட்டு. அங்கே நடந்து போனதும் எல்லாப் புதரும் ஒன்றுபோலத்தான் தெரியும். நுரை கலந்த வெளிர்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரைமணி பொறுத்துப் போ. கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் ஈரல், இன்னும் நேரம் கொடு. பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் அடித்தால் வயிறு. அன்றைய திட்டத்தை மாற்றிக்கொண்டு பல மணி நேரம் காத்திரு. உடனே விரட்டினால் படுத்திருக்கும் மான் எழுந்து அடுத்த மலைக்குப் போய்விடும்.

என் முடிவு இதுதான். 94 நன்றாக இருந்தால் வாங்கு. இல்லையென்றால் .308-க்கு நல்ல தோட்டா மட்டும் வாங்கு. வாங்குமுன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். முதலில் துப்பாக்கி காலி என்று நீயே உறுதிசெய்துகொள். ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) பாதி நிலையில் நிறுத்தி விசையை அழுத்திப் பார், விழக் கூடாது. கட்டையில் கைப்பிடிப்பு மெலியும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, குழலுக்குள் துரு உண்டா என்று விளக்கடித்துப் பார். காலிக் கூடு நேர் மேலே தெறிக்கிறதா, பக்கவாட்டிலா என்றும் கவனி. 1980-களின் தொடக்கம் வரை வந்தவை மேலேதான் தெறிக்கும், அதில் ஸ்கோப்பை நடுவில் பொருத்த முடியாது.

குழலில் பொறித்திருப்பதை எழுத்து விடாமல் படித்து எனக்கு எழுது. மிகப் பழையதில் “30 டபிள்யூ.சி.எஃப்.” என்று இருந்தால் அது .30-30-தான், பயப்படாதே. ஆனால் 94 மாடல் .32 ஸ்பெஷலிலும் வந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், .30-30 தோட்டா அதற்கு ஆகாது. சீரியல் எண்ணையும் சேர்த்து எழுது, 1964-க்கு முந்தியதா பிந்தியதா என்று பார்த்துவிட்டு அவர் கேட்கும் விலை தகுமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்