நெஞ்செரிவை வில்லையால் மட்டும் அடக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

நாட்பட்ட நெஞ்செரிவு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான மருத்துவக் கட்டுரை மிகவும் பயனுள்ளது. எனினும், இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி வந்தால் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியிலுள்ள தட்டையான கலங்கள் சிதைந்து, குடலின் உட்சுவரை ஒத்த கலங்கள் அவ்விடத்தில் வளரக்கூடும் என்பதை அது இன்னும் அழுத்திக் கூறியிருக்கலாம். ‘பரட் உணவுக்குழாய்’ எனப்படும் இம்மாற்றம் சிலருக்கே ஏற்படுகிறது, அவர்களிலும் மிகச் சிலருக்கே புற்றுநோயாகிறது என்பதால் பதற்றம் வேண்டியதில்லை. ஆனால், மாற்றத்தின் பின் எரிவு தணிந்துவிடுவதும் உண்டு. நோயாளியை ஏமாற்றுவது அதுவே.

திருகோணமலையில் எங்கள் அயலவரான மீனவர் ஒருவர், சட்டைப்பையில் எந்நேரமும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் வில்லை அட்டையுடன் தொழிலுக்குப் போனவர், ஒவ்வொரு கவளம் சோற்றையும் தண்ணீர் குடித்தே இறக்க வேண்டிய நிலை வந்த பின்னர்தான் வைத்தியரை நாடினார். 50 வயதைக் கடந்த, பல ஆண்டுகளாக நெஞ்செரிவுள்ள, புகைப்பழக்கமோ வயிற்றுப் பருமனோ கொண்ட ஆண்களுக்கே ஆபத்து அதிகம் என்பதால், அத்தகையோரை வெளிநோயாளர் பிரிவுகளிலும் மருந்தகங்களிலும் இனங்கண்டு, வாய்வழியே கமெராக் குழாயைச் செலுத்தி உணவுக்குழாயைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனைக்கு வழிகாட்டும் நடைமுறையொன்றை மாகாண சுகாதாரத் துறையினர் ஏற்படுத்த வேண்டும்.

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.