கண் பரிசோதனைக்கு நாற்பது நாள் காத்திருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பச்சிளங்குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது பால், கதகதப்பு, எடை, தடுப்பூசி என்று தாயிடம் சொல்ல நிறைய இருக்கும். கண் பரிசோதனை கடைசியில் வரும். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்துவிடும்.

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது பிறக்கும்போது 2 கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. குறைமாதக் குழந்தைக்கு வரும் இந்த விழித்திரை நோயில் (ஆர்.ஓ.பி.) முழுதாக வளராத ரத்தக்குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, முற்றினால் விழித்திரையையே பிய்த்துவிடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும்.

வீட்டில் பாட்டி, "நாற்பது நாள் ஆகட்டும், பச்ச ஒடம்ப வெளிய தூக்காதே" என்பார். தொற்றுக்குப் பயந்து சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த நாற்பதுக்குள் இந்த முப்பது போய்விடுகிறதே! நோய் முற்றுகிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ கொடுத்தாக வேண்டும்.

சரி, குழந்தை அலைய வேண்டாம், கேமரா வரட்டும். பெங்களூரு நாராயணா நேத்ராலயா 2008-இல் தொடங்கிய 'கிட்ராப்' திட்டத்தில் டெக்னீஷியனே கேமராவோடு ஊர் ஊராக மருத்துவமனைகளுக்குப் போகிறார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் படமெடுத்து அனுப்பினால், நிபுணர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறார். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையும் இப்படிச் செய்கிறது.

1996-இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யவில்லை, பார்வை போனது. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது. பணம் வந்தது, கண் வருமா?

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். எல்லா மாவட்டப் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கும் வாரம் ஒரு நாள் கேமரா வர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் மேலேயே பரிசோதனைத் தேதி இருக்கட்டும். ஒரு தடவையோடு முடிவதில்லை என்பதால் அடுத்த தேதிக்கும் இடம் விடுங்கள். கணவர் வீட்டு முகவரியை மட்டும் எழுதிப் பயனில்லை. பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டில் இருப்பாள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தர்மபுரி மாவட்டம்.