ஆள் நிற்காத பட்டறைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஆள் கிடைப்பதில்லை என்று முதலாளிகள் கூறுவது பாதி உண்மையே. கிடைத்த ஆள் நிற்பதில்லை என்பது மீதி. நான் கணக்கு எழுதும் ரப்பர் பட்டறையில், அச்சின் சூட்டையும் வேகும் நேரத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்த மூத்த தொழிலாளி ஒருவர், சிறிய ஊதிய உயர்வு மறுக்கப்பட்டதால் விலகினார். அவரிடத்துக்கு வந்தவர் வேலை பழகும் வரை, குமிழி விழுந்தும் ஓரம் கிழிந்தும் கழிவான வாஷர்களின் மதிப்பு அந்த உயர்வைப்போலப் பன்மடங்கு. பேரேட்டிலோ அது மூலப்பொருள் சேதாரம் என்றே ஏறுகிறது.

1913-இல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் ஆலையில் தொழிலாளர் வெளியேறும் விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதமாக இருந்தது; அதாவது, ஒரே வேலைக்கு ஓராண்டில் சராசரியாக மூன்று நான்கு முறை ஆள் மாறினார்கள். 1914 ஜனவரியில் நாள் வருமானத்தை 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்த பின்னர், விலகுவோரும் வேலைக்கு வராதோரும் வெகுவாகக் குறைந்தனர். (தொழிலாளரின் வீட்டு நடப்பையே விசாரித்த அதன் நிபந்தனைகள் நமக்கு வேண்டாம்.)

சிறு பட்டறைகளுக்கு அவ்வளவு கொடுக்க வசதியில்லைதான். எனினும், பணி மூப்புக்கும் திறனுக்கும் ஏற்ற ஊதியப் படிநிலையை எழுத்தில் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தொழிலாளருக்கு மட்டுமன்றி, உரிமையாளர்களுக்கும் இதில் பயிற்சியளிக்க மதுரை மாவட்டத் தொழில் மையம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருமங்கலம்.