இன்சுலின், பொட்டாசியம் வகுப்பு: வியாழன் மதியம் 2.30

சிஸ்டர்ஸ், பிரதர்ஸ், வணக்கம்.

மருந்துப் பிழை தடுப்பு வகுப்பு வியாழன் மதியம் 2.30-க்கு, செமினார் ஹாலில். காலை டியூட்டிக்காரர்கள் ஹேண்ட் ஓவர் முடித்ததும் நேராக வந்துவிடுங்கள். நைட் பார்த்தவர்கள் போய்த் தூங்குங்கள், உங்களுக்கு அடுத்த வாரம் தனியாக எடுக்கிறோம்.

‘ஐந்து சரி’களை (சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம்) மறுபடி ஒப்பிக்க வைக்கப் போவதில்லை, அது எல்லோருக்கும் மனப்பாடம். பாதி நேரத்துக்கு மேல் இன்சுலின்தான். நம் வார்டுகளில் வயல் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி) மில்லிக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட்! அதனால் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அப்புறம், பொட்டாசியம் குளோரைடு. 10 மில்லி ஆம்பூலில் (உடைத்துத் திறக்கும் சிறு மருந்துக் குப்பி) 20 எம்ஈக்யூ (மில்லிஈக்விவலன்ட், உப்பை அளக்கும் அலகு) இருக்கிறது. கலக்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூலுக்குப் பக்கத்தில் அது கிடந்தால், போட்டோ எடுத்து இந்த குரூப்பில் போடுவதற்கு முன் எடுத்து மாற்றி வையுங்கள். டிரிப்பில் கலக்கும்போது இன்னொருவர் லேபிளைக் கையில் வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தூரத்தில் இருந்தே ‘பார்த்துட்டேன் சிஸ்டர்’ என்பது கணக்கில் வராது.

பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் காலி ஆம்பூல், வயல் உங்கள் வார்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். வருபவர்கள் பெயரைப் புதன் மாலைக்குள் வார்டு இன்சார்ஜிடம் கொடுத்துவிடுங்கள்.