நீ கேட்ட மோசமான துப்பாக்கி

தண்டையார்பேட்டை, சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இருப்பதிலேயே மோசமான துப்பாக்கி எது என்று உன் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டையைப் படித்துச் சிரித்தேன். நம் ஊரில் மிக்சி, கிரைண்டர் வாங்கி ஏமாந்த கதை பேசுவதுபோல, டெக்சஸில் ஆளாளுக்குத் துப்பாக்கி வாங்கி ஏமாந்த கதையைப் பேசுகிறார்கள். "என் அப்பா ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்த்தவர், அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீயும் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். ஆனால் கடைசி வரியில், மாப்பிள்ளை ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கிக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உன் நண்பர்களின் வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். நாலு தோட்டாவுக்கு ஒருமுறை சிக்கிக்கொள்ளும் மலிவான கைத்துப்பாக்கியைத்தான் எல்லோரும் மோசம் என்று திட்டினார்கள் என்றாய். அதை நான் மோசம் என்று சொல்ல மாட்டேன். அது பணத்துக்குப் பிடித்த கேடு, அவ்வளவுதான். திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் பலூன் சுட உன்னைக் கூட்டிக்கொண்டு போவேனே, அந்தக் காற்றுத் துப்பாக்கியின் குழல்கூடக் கோணல்தான். குறியை ஒரு சாண் இடப்பக்கம் வை என்று சொல்லிக்கொடுத்தேன், நீயும் வரிசையாக உடைத்துத் தள்ளினாய், கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. துப்பாக்கியின் குறை இன்னதென்று தெரிந்துவிட்டால் அதோடு காலம் தள்ளலாம். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் வெடிப்பதும், உயிர்போகிற நேரத்தில் வெடிக்காமல் கைவிடுவதும்தான் என் கணக்கில் மோசமானவை. இவற்றிலும் முதல் வகைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இரண்டாவது வகைக்கு உலகப் போர்களிலேயே வேண்டிய மட்டும் உதாரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்களிடம் ஷோஷா என்று ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்தது. மிச்சம் எத்தனை தோட்டா என்று பார்ப்பதற்காக தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான அதன் மேகசினில் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். பதுங்குகுழிச் சேறு அந்த வழியாக நேரே உள்ளே போனது. அறையில் உட்கார்ந்து வரைந்தவருக்குச் சேறு நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. அமெரிக்கர்கள் வியட்நாம் போருக்கு முதலில் அனுப்பிய எம்-16 துப்பாக்கியின் கதை இன்னும் கொடுமை. வெடிமருந்தின் வகையை மாற்றினார்கள், தோட்டா அமரும் அறைக்குக் குரோம் பூச்சு கொடுக்கவில்லை, சுத்தம் செய்யும் சாமான்களைக்கூடப் போதுமான அளவு கொடுக்கவில்லை. சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கிற அளவுக்குப் போனது. பின்னால் எல்லாவற்றையும் சரிசெய்தார்கள், இன்றைக்கும் அந்த வம்சம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

நம் கதையும் உண்டு. 1999 கார்கில் போரில், நம் நாட்டிலேயே செய்த இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின் குளிரில் விரிசல் விட்டது. மூன்று மூன்றாகச் சுடும்படி வைத்தால் தொடர்ந்து சுட்டுக்கொண்டே போனது, எண்ணெய் தெறித்துச் சுடுகிறவரின் கண்ணில் பட்டது என்றெல்லாம் செய்திகள் வந்தன. நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். என் காலத்தில் கையில் இருந்தது 7.62 எஸ்எல்ஆர் என்ற பழைய துப்பாக்கி. தூக்கினால் கை கடுக்கும், ஆனால் கைவிடாது. அதைக் குறை சொல்லி யாராவது வந்தால் நான் சண்டைக்கு நிற்பேன் என்பது உனக்கே தெரியும்.

1942இல் அமெரிக்கர்கள் செய்த லிபரேட்டர் என்ற கைத்துப்பாக்கியை உன் நண்பர்கள் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் செய்தார்கள். குழலுக்குள் தோட்டாவைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் கிடையாது, ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், சுட்ட கூட்டைக் குச்சியால் குத்தித் தள்ள வேண்டும். இருந்தாலும் அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எதிரியை ஒருமுறை கிட்டத்தில் சுட்டுவிட்டு அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொள் என்பதுதான் அதன் திட்டமே. தான் இன்னது என்பதை அது மறைக்கவில்லை.

மறைப்பதுதான் ஆபத்து. கனடாக்காரர்கள் முதல் உலகப் போருக்குக் கொண்டுபோன ராஸ் துப்பாக்கி குறிபார்ப்பதில் அருமையானது, மறைந்திருந்து சுடுகிறவர்கள் அதை விடவே மாட்டார்கள். ஆனால் சுத்தம் செய்துவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தைப் பூட்டுகிற இரும்புத் தண்டான போல்ட்டைத் தப்பாகப் பொருத்தினால் அது பூட்டிக்கொள்ளாது. பார்வைக்குப் பூட்டியது மாதிரியே இருக்கும், விசையை இழுத்தால் வெடிக்கவும் செய்யும். வெடித்தவுடன் போல்ட் பின்னால் பறந்து சுட்டவனின் முகத்துக்கே வரும். இது போதாதென்று சேற்றில் சிக்கிக்கொள்ளவும் செய்தது. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். நம் போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் சுமந்த அதே 303 குடும்பம்தான்.

இனி என் கையில் இருந்த கதை. பட்டாளத்திலிருந்து வந்து வங்கியில் காவலுக்குச் சேர்ந்தேன் அல்லவா, அங்கே கொடுத்த, '12 போர்' என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கிதான் நான் தொட்டதிலேயே மோசமானது. எந்த வங்கி, யார் செய்த துப்பாக்கி என்பதெல்லாம் இப்போது எதற்கு? பார்க்க மிடுக்காக இருக்கும். அடிக்கட்டைக்கு வார்னிஷ் அடித்து, படம் பிடித்துக் காலண்டரில் போடலாம் என்கிற மாதிரி. காசிமேட்டுக் கடற்காற்று எதையும் சும்மா விடாது. காலையில் புல்த்ரூ கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுத்தால் துணி செங்கல் நிறத்தில் வெளியே வரும். எண்ணெய் விட்டுத் துடைத்துவைத்தால் மறுநாளும் அதே நிறம்தான். துருவோடு நான் ஒத்துப்போய்விட்டேன்.

வருடாந்தரச் சுடும் பயிற்சியில்தான் அதன் குணம் வெளியே வந்தது. வலது குழலுக்கான விசையை மட்டும்தான் இழுத்தேன், இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தன. தோள்பட்டையில் கழுதை உதைத்தது என்று அன்று சொன்னால் அது குறைத்துச் சொன்னது. நீ மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாயே, அந்தத் தடவைதான். வாகனத்தில் திரும்பும்போதே எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்திவைக்கும் கொக்கி ஒன்று இருக்கும். அதன் விளிம்பு மழுங்கிவிட்டால், ஒரு குழல் வெடிக்கும் அதிர்ச்சியிலேயே மற்ற கொக்கியும் நழுவிவிடும். உரிமம் பெற்ற கடையில் கழற்றியபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடது கொக்கியின் மூக்கு சோப்புக் கட்டியின் முனை மாதிரி வழவழவென்று உருண்டிருந்தது. குழலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம், உள்ளே இருந்த கொக்கியை யாரும் திறந்து பார்த்ததே இல்லை.

பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன். "இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது சுட வேண்டி வந்ததா? பிறகு எதற்கு அவசரம்?" என்றார் மேலாளர். சுட வேண்டி வராத நாளில்தான் இது சுட்டுவிடும், கீழே விழுந்தாலே போதும் என்று எவ்வளவு சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. முதியோர் பென்ஷன் வாங்க வரிசையில் நிற்கும் இடத்தில் அதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் பார். பழுது சரியாகி வரும்வரை இடது குழலில் தோட்டாவே போடவில்லை. வெளியில் நிற்கிறவர்களுக்கு அது தெரியவா போகிறது?

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். விசாவில் இருந்தவரை, வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள அங்கே சட்டம் விடாது. கிரீன் கார்டு வந்துவிட்டதால் ஆசையும் வந்துவிட்டது. நான் தடுக்கவில்லை. அவர் பேரம் பேசுவது பழைய ரெமிங்டன் 700 என்று நீ எழுதியது உண்மையானால், இதை நிதானமாகப் படித்துக் காட்டு. அது 1962இல் வந்தது, வேட்டைக்காரர்கள் கொண்டாடுகிற துப்பாக்கி, குறி தப்பாது. ஆனால் அதன் பழைய விசை அமைப்பைப் பற்றி, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி பூட்டை விடுவித்தாலே வெடித்தது, விசையைத் தொடவே இல்லை என்று ஏராளமான புகார்கள். 1982க்கு முன் வந்தவற்றில் சேஃப்டி போட்டிருக்கும்போது போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்கவே சேஃப்டியை விடுவிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மொன்டானாவில் ஒரு தாய் வேட்டை முடிந்து அப்படித் தோட்டாவை எடுக்கப் போனபோதுதான் அது வெடித்து, அவருடைய ஒன்பது வயது மகன் இறந்தான். நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் வழக்குச் சமரசத்தில் விசையை இலவசமாக மாற்றித் தரச் சம்மதித்தது. பழைய நிறுவனம் 2020இல் திவாலாகிப் பங்குபங்காக விற்கப்பட்டுவிட்டது. ஆகவே விசை மாற்றப்பட்டதா இல்லையா என்பதை விற்கிறவரின் வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடக் கூடாது, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தக் கூலியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

உன் அம்மாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பேத்தி தவழத் தொடங்கிவிட்ட வீட்டில் எதற்கு இந்தச் சனியன் என்று நேற்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் இரும்பு அலமாரி முதலில் வரட்டும், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில் இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு நானே போன் செய்து சொன்னால் மாமனார் அதிகாரம் செய்கிறார் என்று தோன்றும், அதனால் நீயே பக்குவமாகச் சொல். துப்பாக்கியில் பொறித்திருக்கும் மாதிரியின் பெயரையும் வரிசை எண்ணின் முதல் எழுத்தையும் விசைப் பகுதியையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா