ஹெர்மிஸுக்கு வெறும் காற்று போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி உங்கள் வார இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்த கதையையும், அன்று மாண்ட 307 பேரைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கப்பலைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொன்ன இரண்டு ஆலோசனைகள் எனக்குச் சரியாகப் படவில்லை. சுவாசிக்கச் சாதாரண காற்றே போதும், அதில் ஈலியம் கலப்பது வெள்ளைக்காரர்களின் ஆடம்பரம் என்பது ஒன்று. கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் நைட்ரொக்ஸ் எடுக்கலாம் என்பது மற்றது.

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது ஆளைக் கொல்லும். நைட்ரொக்ஸ் என்பது ஒட்சிசன் கூடிய காற்று. ஒட்சிசன் கூடினால் நல்லதுதானே என்று நினைப்பது கரையில் சரி. கீழே போகப் போக அமுக்கம் ஏறி, அதே ஒட்சிசன் நஞ்சாகிறது. அடியில் நீந்தும்போது அதன் பகுதியமுக்கம், அதாவது மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கு, 1.4 வளிமண்டலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் எங்கும் படிப்பிக்கிறார்கள். 32 வீத நைட்ரொக்ஸில் அந்த எல்லை 33 மீற்றர் அளவிலேயே வந்துவிடும். ஹெர்மிஸ் கிடக்கும் தரையோ ஏறத்தாழ 53 மீற்றர். அங்கே அந்தக் கலவையின் ஒட்சிசன் 2 வளிமண்டலத்தைத் தொடும். திடீரென்று வலிப்பு வரலாம், வந்தால் வாயிலிருந்து குழாய் கழன்றுவிடும். அதற்குப் பிறகு நீரடியில் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை.

சரி, காற்று? ஒட்சிசன் கணக்கை மட்டும் பார்த்தால் காற்று தப்பிவிடும். 53 மீற்றரில் 1.3 அளவுதான் வரும். பல வருடமாகக் காற்றிலேயே இறங்கி ஏறியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. சிக்கல் நைதரசனில்தான். 30 மீற்றரைத் தாண்டினாலே குடித்தது போல மெல்ல வெறி ஏறத் தொடங்கும். ஹெர்மிஸின் பீரங்கியருகே ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் விரலை வளைத்து ஓகே காட்டுகிறார். அமுக்கமானியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தோம், சிலிண்டரில் காற்று முடியப் போகிறது, முள் 60 பாரில் நிற்கிறது, அதற்கும் ஓகே. மேலே வந்த பிறகு மானியைக் காட்டியதே அவருக்கு ஞாபகமில்லை. “எனக்கு அது பழகிவிட்டது” என்று சொல்பவர்களிடம்தான் எனக்குக் கூடப் பயம். பழகுவது அந்த உணர்வு மட்டும்தான். தடுமாற்றம் அப்படியேதான் இருக்கும்.

இதைவிடக் குறைவாகக் கதைக்கப்படுவது காற்றின் அடர்த்தி. சுவாசிக்கும் வாயு லீற்றருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டவே கூடாது என்று சுழியோடல் ஆய்வாளர்களான காவின் அந்தனியும் சைமன் மிட்செலும் 2016இல் எழுதினார்கள். காற்று அந்த மேல் எல்லையை 39 மீற்றரிலேயே தொட்டுவிடுகிறது. ஹெர்மிஸில் அது எட்டுக் கிராம். அவ்வளவு தடித்த வாயுவை இழுத்து வெளியே தள்ள நெஞ்சு படாத பாடு படும், காபனீரொட்சைட்டு உள்ளேயே தேங்கும். நீரோட்டம் பிடித்து இரண்டு நிமிடம் காலடித்து நீந்தினால் போதும், மூச்சு முட்டிப் பதற்றம் வந்துவிடும். நைதரசன் வெறியும் அதோடு சேர்ந்து கூடும்.

21 வீதம் ஒட்சிசன், 35 வீதம் ஈலியம், மிச்சம் நைதரசன் என்று கலந்த ட்ரைமிக்ஸை எடுங்கள். ஈலியம் இலேசானது, வெறியும் ஏற்றாது. அதே 53 மீற்றரில் அடர்த்தி ஆறு கிராமுக்குள் வந்துவிடும், வெறியும் காற்றில் 31 மீற்றருக்குப் போன அளவுதான். இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது? 1939இல் ஸ்குவாலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி 74 மீற்றரில் மூழ்கியபோது, காற்றைச் சுவாசித்து இறங்கிய கடற்படைச் சுழியோடிகள் நிலைதடுமாறிப் போனார்கள். ஈலியமும் ஒட்சிசனும் கலந்து கொடுத்துத்தான் அந்தக் கப்பலை மேலே தூக்கும் வேலையை முடித்தார்கள்.

செலவைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னது உண்மைதான். ஈலியம் இறக்குமதிச் சரக்கு. உலகத்துக்கு அதைக் கொடுப்பவை அமெரிக்கா, கட்டார் போன்ற ஒரு சில நாடுகள். அங்கே தடங்கல் வந்தால் விலை துள்ளும். எம்.ஆர்.ஐ. இயந்திரங்களும் சிப் தொழிற்சாலைகளும் வரிசையில் முன்னுக்கு நிற்கும், நாங்கள் கடைசியில். இரண்டு பன்னிரண்டு லீற்றர் சிலிண்டர்களை 200 பார் வரை நிரப்ப ஏறத்தாழ 1,700 லீற்றர் ஈலியம் போகும். சுவாசித்தது முழுக்கக் குமிழியாக மேலே போய்விடும், திரும்பக் கிடைக்காது. வெளிவிட்ட மூச்சைச் சுத்தமாக்கித் திரும்பத் தரும் ரீபிரீதர் வாங்கினால் ஈலியம் மிச்சமாகும், ஆனால் கருவிக்கே பல லட்சம் வேண்டும். அதில் ஒட்சிசன் குறைந்தாலும் கூடினாலும் மனிதனுக்குத் தெரிவதில்லை, அது தனிக் கதை.

ட்ரைமிக்ஸிலும் ஆபத்து இருக்கிறது. ஏறும்போது உடலில் தேங்கிய வாயுவை வெளியேற்ற, 21 மீற்றரில் மாற்றிச் சுவாசிக்க 50 வீத நைட்ரொக்ஸ் சிலிண்டர் ஒன்றைக் கூடவே தொங்கவிடுவோம். அதைத் தவறுதலாகக் கீழே வாயில் வைத்தால் நான் மேலே சொன்ன வலிப்புத்தான். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரையும் உரியவரே பகுப்பாய்வு மானியில் அளந்து, ஒட்டுநாடாவில் எல்லை ஆழத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டு ஒட்டுவது. கடையில் எழுதித் தந்ததை நம்பி இறங்கவே கூடாது.

காசு இல்லையென்றால்? ஹெர்மிஸை விட்டுவிடலாம். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் 24 மீற்றரில்தான் கிடக்கிறது. அதற்கு ஈலியம் தேவையில்லை. நைட்ரொக்ஸ் அருமையாகப் பொருந்துவது அங்கேதான். அவசரமாக மேலே வந்து உடலில் வாயு குமிழியாகி ஒருவருக்கு அமுக்க நோய் வந்தால், சிகிச்சைக்கான அமுக்க அறை தேடித் திருகோணமலை வரை ஓட வேண்டும் என்பதையும் அந்தச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கட்டுரையின் மற்ற வரிகளைப் பற்றி விவாதிக்க நிறைய நேரம் இருக்கிறது. நைட்ரொக்ஸ் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழிலேயே திருத்திப் போடுங்கள். ஏப்ரலில் கடல் அடங்கிவிடும், ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

ஒரு சுழியோடி,
கல்லடி, மட்டக்களப்பு