நிலத்துக்கடியில கிடக்கிறதை வருஷத்தால வகுக்கிற கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பரில வந்த மின்சாரக் கட்டுரையை வாசிச்சனான். கடலுக்கடியால கேபிள் போட்டு இந்தியாவில இருந்து கரண்ட் எடுக்கிறதைப் பற்றி எங்கட சனம் கதைக்கத்தான் வேணும், அதை எழுதினவருக்கு நன்றி. ஆனா அதுக்குள்ள ஒரு வரி கிடக்கு, இந்தியாவிட்ட 361 பில்லியன் தொன் நிலக்கரி இருக்கு, வருஷத்துக்கு ஒரு பில்லியன் தொன் தோண்டினாலும் 350 வருஷத்துக்கு மேல காணும், அதால நாங்கள் நம்பி இறங்கலாம் எண்டு. இந்த வகுத்தல் பிழை. சின்ன விசயமெண்டா விட்டிருப்பன், கனகாலம் ஏ.எல் பிள்ளையளுக்கு புவியியல் படிப்பிச்ச எனக்கு இதை விட்டிட்டு இருக்க மனம் வரேல்லை.

361 எண்ட இலக்கம் பொய்யில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் வருஷா வருஷம் போடுற கணக்கு, 2022 ஏப்ரல் 1ந் தேதிக்குரியது. ஆனா அது நிலத்துக்குக் கீழ 1,200 மீற்றர் ஆழம் வரைக்கும் கிடக்கிற மொத்த வளம். அதில துளைகளைக் கிட்டக் கிட்டப் போட்டு உறுதிப்படுத்தினது 187 பில்லியன் அளவுதான், மிச்சம் தூரத் தூரப் போட்ட துளைகளையும் படிவுகள் போற போக்கையும் வச்சு மதிச்சது. அந்த 187ஐக்கூட அப்பிடியே வெட்டி எடுக்கலாம் எண்டு ஆரும் சொல்லேல்லை. மேல ஊர் இருக்கோ காடு இருக்கோ, எடுக்கிற செலவு விலைக்குக் கட்டுமோ, இதெல்லாம் கழிச்சுப் பாத்தாத்தான் திட்டம் போடக்கூடிய இலக்கம் வரும்.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்திறது கஷ்டமில்லை. எங்கட சுண்ணக்கல்லுக்குள்ள நல்ல தண்ணி உவர்த் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு கிடக்கு. வெங்காயத்துக்கு இறைக்கிறவர் பெரிய மோட்டரைப் பூட்டி ஒரே இழுவையா இழுத்தா கீழ இருக்கிற உவர் மேல ஏறும், பிறகு அந்தக் கிணத்துத் தண்ணி பயிருக்கும் ஆகாது குடிக்கவும் ஆகாது. நிலத்துக்குக் கீழ எவ்வளவு தண்ணி எண்டு கேக்கிறதும் எவ்வளவு இறைக்கலாம் எண்டு கேக்கிறதும் ரெண்டு கேள்வி, நிலக்கரியும் அப்பிடித்தான்.

இதை ஒழுங்காக் கழிச்சுக் காட்டின கணக்கொண்டு அமெரிக்காவில இருக்கு, நான் கனதரம் வகுப்பில சொன்னது. வயோமிங் மாநிலத்தில ஜில்லெற் எண்டொரு நிலக்கரி வயல், 2006ல அமெரிக்கா முழுக்கத் தோண்டினதில 37 வீதத்துக்கு மேல அங்கயிருந்துதான் வந்தது. 2008ல அமெரிக்காவின்ர புவியியல் ஆய்வுத் துறை அந்த வயலைத் திரும்ப அளந்தது. முதல்ல அங்க ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடக்கிற பதினொரு நிலக்கரி அடுக்கையும் கூட்டினா 201 பில்லியன் தொன். ரயில் பாதை, பெருந்தெரு, பட்டணங்கள், ஒரு காஸ் ஆலை, ஆத்துப் பள்ளத்தாக்கு வண்டல் நிலம், ஏற்கனவே நிலத்துக்குள்ள எரிஞ்சுபோன இடம் எண்டு இதுகளையெல்லாம் விலத்திப் பாத்தா 164. மேல மூடியிருக்கிற மண்ணின்ர அளவுக்கும் ஒரு எல்லை வச்சு, வெட்டேக்கையும் துப்புரவாக்கேக்கையும் போற நட்டத்தைக் கழிச்சா 77. கடைசியா அந்த நேரத்து விலைக்கு லாபத்தோட விக்கக்கூடியது எவ்வளவு எண்டு, பதினொண்டில ஆறு அடுக்குக்குத்தான் பாத்தவை, வந்தது 10 பில்லியன்! தொடங்கினது 201ல. இதில கவனிக்க வேண்டியது, விலை ஏறினா அந்தப் பத்து கூடும், இறங்கினாக் குறையும், நிலத்துக்குள்ள ஒரு கல்லும் அசையாமலே. ஆனபடியா எந்த வருஷம், எந்த விலையில கணக்குப் பாத்தது எண்டு சொல்லாமல் ஒரு இலக்கத்தைப் போட்டா அதை வச்சு ஒண்டும் செய்யேலாது.

தமிழ்நாட்டையே பாருங்கோ. இந்தியாவின்ர பழுப்பு நிலக்கரியில அஞ்சில நாலு பங்கு தமிழ்நாட்டுக்குக் கீழதான் கிடக்கு, அதில பெரும்பங்கு மன்னார்குடிப் பக்கம், காவிரித் தண்ணி பாயிற நெல்வயலுக்கடியில. 2023ல டெல்டாப் பக்கத்து மூண்டு பகுதியளை மத்திய அரசு ஏலத்துக்குப் போட்டது, விவசாயியள் எழும்பினவை, மாநில அரசும் எதிர்த்தது, கடைசியில பட்டியல்ல இருந்து எடுத்துப்போட்டினம். இப்ப சொல்லுங்கோ, அந்த நிலக்கரி இருக்கெண்டு எழுதிறதோ இல்லையெண்டு எழுதிறதோ? பழுப்பு நிலக்கரிக்கெண்டு தனியாப் போடுற மொத்த வளக் கணக்கில அது இருக்கும், திட்டம் போடுறவை அதை எண்ணேலாது. நிலக்கரிக்கெண்டு காணி எடுக்கிறது எண்டா என்னெண்டு எங்களுக்கும் தெரியும், திருகோணமலைச் சம்பூர்ச் சனம் 2006ல இடம்பெயர்ந்து, அவையின்ர காணியில அனல்மின் நிலையம் வருகுதெண்டு வருஷக்கணக்கா முகாமில கிடந்து, பிறகு 2016ல அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

இன்னொண்டு, பாவனை ஒரே அளவில நிக்கும் எண்டு நினைச்சுத்தான் அந்த 350 வருது. 361 முழுதையும் ஒரு தூளும் விடாமல் எடுக்கலாம் எண்டே வச்சாலும், தோண்டிற அளவு வருஷம் 5 வீதத்தால கூடிக்கொண்டு போனா 60 வருஷத்தோட முடிஞ்சிடும், கல்குலேற்றர் வச்சிருக்கிற எந்தப் பிள்ளையும் போட்டுப் பாக்கலாம். இவ்வளவு வச்சிருக்கிற இந்தியாவே வருஷம் 200 மில்லியன் தொன்னுக்கு மேல வெளியில இருந்து வாங்குது, ஏனெண்டா அங்கத்தைய நிலக்கரியில சாம்பல் கூட, இரும்பு உருக்கிறதுக்கு ஏத்த சாமான் குறைவு. தொன்னை மட்டும் எண்ணிப் பிரயோசனமில்லை, ஒரு தொன்னுக்குள்ள எவ்வளவு சூடு இருக்கெண்டும் பாக்கவேணும். எங்கட நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கும் இதே கதைதான், 900 மெகாவாட், வருஷத்துக்கு 2 மில்லியன் தொன்னுக்கு மேல வேணும், அவ்வளவும் கப்பல்ல வருது, தென்மேற்குப் பருவக்காத்துக்குக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில இறக்கவும் ஏலாது. கலோரி குறைஞ்ச சாமான் வந்தா அதே கரண்டுக்குக் கூட எரிக்கவேணும், அப்ப பருவக்காத்துக்கு முதல் குவிச்சு வச்சது நாள் காணாது.

எங்கட நாட்டில தோண்டிற அளவுக்கு நிலக்கரி இல்லை, நாட்டின்ர பத்தில ஒன்பது பங்கு நிலக்கரி உண்டாகிற காலத்துக்குக் கனக்க முந்தின பழம்பாறை. அதால இந்தக் கணக்கு எங்களுக்கெதுக்கு எண்டு கேக்காதேங்கோ. மன்னார்க் கடல்ல 2011ல காஸ் கண்டுபிடிச்ச உடன நாட்டின்ர கடனெல்லாம் தீரப்போகுது எண்டமாதிரிக் கதைச்சவை, தோண்டின கொம்பனி 2015ல விட்டிட்டுப் போட்டுது, இண்டைக்கும் அங்கயிருந்து ஒரு சிலிண்டர் காஸ் வரேல்லை. இப்ப பூநகரிக் காத்துக்கும் எங்கட வெயிலுக்கும் இத்தினை ஆயிரம் மெகாவாட் எண்டு மேடையில சொல்லுகினம். எனக்கும் அதில பெரிய விருப்பம், வரத்தான் வேணும். ஆனா கம்பி எவ்வளவு தாங்கும், பறவையள் வாற பாதை எது, ஆரின்ர காணி, இரவில என்ன செய்யிறது எண்டதெல்லாம் கழிச்சுப்போட்டு மிஞ்சிறதைச் சொல்லவேணும். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த சனத்துக்கு மேடை இலக்கம் காணாது.

உங்களிட்ட ஒரு வேண்டுகோள். அந்த 350 வருஷக் கணக்கைப் பிள்ளையள் வெட்டி வச்சுக் கட்டுரைப் போட்டிக்கும் சோதினைக்கும் எழுதுவினம், அதால அடுத்த ஞாயிறே ஒரு சின்னத் திருத்தம் போடுங்கோ, 361 மொத்த வளம், 187 உறுதிப்படுத்தினது, ரெண்டுமே தோண்டி எடுக்கக்கூடிய அளவில்லை எண்டு. இனி நிலக்கரியோ காஸோ காத்தோ எதைப் பற்றி எழுதினாலும் எந்த வருஷத்துக் கணக்கு, என்ன கழிச்சது, எந்த விலையில பாத்தது எண்ட மூண்டையும் பக்கத்தில போடச் சொல்லுங்கோ. கேபிளைப் பற்றி எழுதினவரிட்ட எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கு, இந்தியாவுக்கே தட்டுப்பாடு வாற மாதத்தில எங்களுக்குத் தாறதுக்கு ஒப்பந்தத்தில என்ன எழுதப்போகினம்? அதை அவர் அடுத்த கட்டுரையில எழுதினா நல்லம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கோண்டாவில்.